ஏன் ஏலாது, அங்கிள்?

அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதுதான் எனக்கு வந்த முதல் நிர்வாகப் பிரச்சினை.

மொன்றியலின் மேற்குப் பக்கம், ஆற்றை ஒட்டிய சில பகுதிகளின் வீதிகளைப் பார்த்துக்கொள்ளும் பொதுவேலைப் பிரிவில் அப்போதுதான் என்னை ஃபோர்மன் ஆக்கியிருந்தார்கள். குழி விழுந்தால் அடைப்பது, பனி விழுந்தால் வழிப்பது, வடிகால் அடைத்துக்கொண்டால் திறப்பது எல்லாம் எங்கள் தலையில். என் குழுவில் இருந்த ஒரே தமிழர் அவர். மன்னார்க்காரர், என் அப்பாவின் வயதுக்காரர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசையில் முன்வரிசையில் நின்று பாட்டு எடுத்துக் கொடுப்பார். என் அம்மா பின்வரிசையில் நின்று அதைப் பிடித்துக்கொண்டு பாடுவார். மறுநாள் காலை நான் அதே மனிதரிடம் போய் மண்வெட்டியை எடுங்கள் என்று சொல்ல வேண்டும்.

பிரெஞ்சில் இந்தத் தொல்லை இல்லை. எங்கள் டிப்போவில் எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான். மேலாளரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் தமிழில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன் என்று தெரிந்தால் அம்மா என்னை வீட்டுக்குள் விடமாட்டார். ஆகவே முதல் நாளே "அங்கிள்" என்றேன். அவருடைய நீளமான பெயரைச் சொல்ல முடியாமல் தவித்துக்கொண்டிருந்த மற்றவர்களுக்கு அது பெரிய விடுதலையாகப் போய்விட்டது. ஒரு கிழமைக்குள் டிப்போ முழுக்க அவர் அங்கிள் ஆகிவிட்டார். அவரைவிட மூத்தவரான மார்ஸெல்கூட அங்கிள் என்றுதான் கூப்பிட்டார்.

பெயர்ப் பிரச்சினை அப்படித் தீர்ந்தது. மிச்சம் இருந்தது அவர் வாயில் இருந்த ஒரு சொல்.

"ஏலாது."

முடியாது என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். எதைச் சொன்னாலும் அதுதான் முதல் பதில். கோபமாகச் சொல்லமாட்டார். தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, டொக்டர் கெட்ட செய்தியை மெல்லச் சொல்வதுபோலச் சொல்லுவார். சுப்பர்மார்க்கெட் முன்னால் குழி அடைக்க வேண்டும் அங்கிள். ஏலாது. ரொக்ஸ்பரோ ஸ்டேசனடியில் நடைபாதைக்கு உப்புப் போட வேண்டும் அங்கிள். ஏலாது. கிறிஸ்மஸ் விளக்குகளைக் கழற்ற வேண்டும் அங்கிள். அதுக்கும் ஏலாது. காரணங்கள் இருக்கும். தார் ஆறிவிட்டது, காற்று வடக்கால் அடிக்கிறது, இன்று வெள்ளிக்கிழமை, அந்த வீதியில் ஒரு பொல்லாத நாய் நிற்கிறது. சில காரணங்களில் நியாயம் இருந்தது. பல காரணங்கள் கலப்படமில்லாத அலம்பல். வடக்குக் காற்றுக்கும் கிறிஸ்மஸ் விளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

வேலைத்தலத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. நாங்கள் வீடு வாங்கிக் குடிபுகுந்தபோது அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். "ஏலாது பிள்ளை, வயிறு சரியில்லை" என்றார். பிறகு வந்திருந்து இரண்டு தரம் இடியப்பம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சொதிக்கு உப்புக் குறைவு என்றும் சொன்னார். ஃபாதர் ஒவ்வொரு வருடமும் ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில் சிலுவைப்பாதைச் செபத்தை நடத்தித் தரும்படி கேட்பார். அங்கிள் ஒவ்வொரு வருடமும் ஏலாது என்பார். பிறகு ஒவ்வொரு வருடமும் அவர்தான் நடத்துவார். குடியுரிமைச் சத்தியம் எடுக்கும்போது கையை உயர்த்தச் சொன்ன நீதிபதிக்கும் இவர் ஏலாது என்றுதான் சொல்லியிருப்பார் என்று அவருடைய மனைவி சொல்லிச் சிரிப்பார். நாங்கள் அவரை அன்ரி என்போம். அவர் மட்டும் எப்படி இந்த மனிதரோடு காலம் தள்ளினார் என்று நான் கேட்டதில்லை.

கேட்டிருக்கலாம். ஏனென்றால் நானே அப்போது திண்டாடிக்கொண்டிருந்தேன். எனக்குக் கொடுத்திருந்தது தற்காலிகப் பதவி. பனிக்காலம் முடியும்வரை பார்ப்போம் என்றிருந்தார் மேலாளர். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் பொறுமைக்கும் அவருக்கும் தூரம். தினமும் காலையில் மற்றக் குழுக்களின் வண்டிகள் வாசலைத் தாண்டிப் போய்விடும். என்னுடையது மட்டும் நிற்கும். அவர் கண்ணாடி யன்னலுக்கு அந்தப் பக்கம் கோப்பியோடு நின்று பார்ப்பார்.

ஒருநாள் என்னை உள்ளே கூப்பிட்டார். "உன் அங்கிளை உன்னால் வேலை செய்ய வைக்க முடியுமா, முடியாதா?"

"அவர் வேலை செய்கிறவர்தான். தொடங்கினால் மார்ஸெலைவிட நன்றாகச் செய்வார்."

"தொடங்குவது எப்போது?"

நான் யன்னலுக்கு வெளியே நின்ற என் வண்டியைப் பார்த்தேன்.

"பனி முடியும்போது இதையே பேசிக்கொண்டிருந்தால் அவரைக் களஞ்சிய அறைக்கு அனுப்புவேன். உன்னைப் பழைய இடத்துக்கு அனுப்புவேன்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

களஞ்சிய அறை என்பது யன்னல் இல்லாத ஒரு தகரக் கொட்டகை. ஆணியும் கையுறையும் எண்ணிக் கொடுக்கும் வேலை. அங்கே யாரிடம் அவர் ஏலாது என்று சொல்லுவார்? அதை நினைக்க எனக்கு அவர்மேல் இரக்கமும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. பழைய இடத்துக்குத் திரும்பிப் போவதை நினைத்தால் வெறும் எரிச்சல்தான். ஒரு பெண், அதுவும் ஒரு தமிழ்ப் பெண், அந்த டிப்போவில் ஃபோர்மன் ஆவதற்கு எவ்வளவு பேரின் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டியிருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

எல்லா வழிகளையும் பார்த்தேன். கண்டிப்பாகச் சொல்லிப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். கெஞ்சிப் பார்த்தேன். "நீ ஏன் பிள்ளை கெஞ்சுறாய், நீதானே பெரியாள்" என்றார், உண்மையாகவே வருத்தப்பட்டு. பிரெஞ்சில் உத்தரவு போட்டால் மரியாதைப் பிரச்சினை வராது என்று நினைத்து அதையும் செய்தேன். அவர் ஆங்கிலத்தில் "நொட் பொசிபிள், மேடம்" என்றார். அம்மாவைக் கொண்டு கோயிலில் சொல்லுவித்தேன். அம்மா திரும்பி வந்து, "பாவம் அந்த மனுசன், உன்னைப் பற்றி எவ்வளவு நல்லாய்க் கதைக்குது, நீ ஏன் அவரைப் போட்டு வதைக்கிறாய்?" என்று என்னையே ஏசினார்.

கடைசியில் வழியைச் சொல்லித் தந்தது அவரேதான். தான் சொல்லித் தருகிறார் என்பது அவருக்குத் தெரிந்ததா என்பதை நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

மாசி மாதம். வண்டிக்குள் இருந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வெளியே பனி கொட்டியது. அவர் தேநீர்க் குடுவையைத் திறந்து ஊற்றிக்கொண்டே, தன்பாட்டில் சொல்லத் தொடங்கினார்.

"எங்கட அப்பரும் ரோட்டு வேலைதான் பிள்ளை. பி.டபிள்யூ.டி.யில ஓவசியர். வெள்ளைக்காரன்ர காலம். மேல ஒரு எஞ்சினியர் துரை. அப்பர் ஒரு பொல்லாத ஆள். துரை என்ன சொன்னாலும் ஏலாது எண்டுதான் சொல்லுவார்."

நான் கையிலிருந்த பாண் துண்டைக் கடிக்காமல் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

"வேற துரை எண்டால் அண்டைக்கே வீட்டை அனுப்பியிருப்பான். இந்த மனுசன் என்ன செய்வார் தெரியுமோ? மடக்குக் கதிரையை ரோட்டுக் கரையில விரிச்சுப்போட்டு இருந்துகொண்டு, ஏன் ஏலாது எண்டு கேப்பார். கேட்டுப்போட்டு வாயைத் திறக்கமாட்டார். அப்பர் தொடங்குவார். கல்லு வரேல்லை. வண்டில்காரன் திருநாளுக்குப் போட்டான். தண்ணி இஞ்சாலயிருந்து வருது, முதல்ல அதை மறிக்கவேணும். மறிக்கிறதெண்டால் பனங்குத்தி வேணும். குத்தி அந்தோணியாற்ற வளவில கிடக்கு, ஆனா அந்தாளோட எனக்குக் கதை பேச்சில்லை, மேஸ்திரியைத்தான் அனுப்பவேணும். இப்பிடிச் சொல்லிச் சொல்லி, கடைசியில வேலையை என்னெண்டு செய்யிறதெண்டும் அவரே சொல்லி முடிச்சிடுவார். துரை கதிரையை மடக்கிக்கொண்டு போயிடுவார். வேலை நடக்கும்."

"அப்ப அவர் ஏன் முதல்ல ஏலாது எண்டு சொல்லுறவர்?"

"அவருக்கு வேற மாதிரி யோசிக்கத் தெரியாது பிள்ளை. சில சனம் அப்பிடித்தான்" என்றார், உலகத்தில் வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல.

பிறகு தேநீரைக் குடித்துவிட்டு மிச்சத்தையும் சொன்னார். "பிறகு அந்தத் துரை கப்பலேறிப் போக, கொழும்பிலயிருந்து ஒரு இளந்தாரி எஞ்சினியர் வந்தார். அவருக்கு ஏலாது எண்ட சொல்லே காதில விழக்கூடாது. அப்பரைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்தப்போறன் எண்டு வெருட்டினார். அப்பருக்கும் வீம்பு. சரி, இனி நான் ஓம் எண்டே சொல்லுறன் எண்டிட்டார். ஒரு மதகு கட்டச் சொன்னாங்கள். ஓம். இந்த இடத்தில எண்டாங்கள். ஓம். இவ்வளவு சீமெந்து காணும் எண்டாங்கள். ஓம். அப்பர் தன்ர சீவியத்தில ஓம் எண்டு சொல்லிக் கட்டின மதகு அது ஒண்டுதான். முதல் மாரிக்கே அள்ளிக்கொண்டு போயிட்டுது."

அடுத்த நாள் இல்-பிசார் பாலத்தடியில் ஒரு பெரிய குழி. "அங்கிள், இதை இண்டைக்கு அடைக்கவேணும்" என்றேன். "ஏலாது" என்றார். என்னிடம் மடக்குக் கதிரை இல்லை. உப்பு வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தேன்.

"ஏன் ஏலாது, அங்கிள்?"

அவர் என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய மீசைக்குள் ஏதோ அசைந்தது. பிறகு தொடங்கினார். பஸ் போகிற ரோட்டு, பாதி பாதியாய்த்தான் மறிக்கலாம். குழிக்குள் ஐஸ் கிடக்குது, அதைக் கிண்டாமல் தார் போட்டால் நாளைக்கே கிளம்பும். கிண்டுறதெண்டால் மார்ஸெலுக்கு முதுகு நோ, அவர் கொடி பிடிக்கட்டும், நான் கிண்டுறன். நாய் எதுவும் இந்த முறை வரவில்லை. சொல்லி முடித்தபோது கையில் கடப்பாரை இருந்தது. மத்தியானத்துக்குள் குழி அடைபட்டது.

அதன்பிறகு என் வண்டியில் எப்போதும் ஒரு வாளி இருந்தது. வண்டி முன்பு கிளம்பிய நேரத்துக்குத்தான் இப்போதும் கிளம்பியது. ஆனால் கிளம்பிய பிறகு எங்கும் நிற்கவில்லை. மேலாளர் ஒருநாள் யன்னலைத் திறந்து, "அவர் என்னதான் சொல்கிறார்?" என்று கேட்டார். "இன்றைய வேலைத் திட்டம்" என்றேன். அவர் யன்னலைச் சாத்திவிட்டார். மார்ஸெலும் மற்றவர்களும் அந்தச் சொல்லைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி பழகிக்கொண்டார்கள். கோப்பி மெஷின் பழுதானால் 'எலாது'. ஹொக்கியில் எங்கள் பக்கம் தோற்றால் 'எலாது'. அங்கிளுக்கு உள்ளூரப் பெருமை.

தபசுகாலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. திடீரென்று வெயில் ஏறி, மேலால் மழையும் கொட்டியது. மலைமலையாய்க் கிடந்த பனியெல்லாம் ஒரேயடியாகக் கரைந்து வர, ரொக்ஸ்பரோவில் ஆற்றுக்குக் கிட்ட ஒரு பள்ளமான வீதியில் தண்ணீர் முழங்காலுக்கு நின்றது. வடிகால் மூடி எங்கேயோ பனிக்குவியலுக்கு அடியில். தண்ணீர் வீடுகளின் நிலக்கீழ் அறைகளைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கிழவி வாசலில் நின்று எங்களைப் பார்த்துக் கையை விரித்தாள். மேலாளரும் நேரில் வந்துவிட்டார். சாப்பாட்டு நேரம் வந்து போனதை யாரும் கவனிக்கவில்லை.

மார்ஸெலும் இன்னொருவரும் தண்ணீருக்குள் இறங்கி, நீளமான கம்பிகளால் குத்தி மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பனிக்குவியலை அள்ளுவதற்கு அங்கிள் லோடரில் ஏறி இருந்தார். அந்த மஞ்சள் இயந்திரத்தின் சில்லு என் உயரம் வரும். நான் கீழே நின்று கத்தினேன்.

"அங்கிள், அந்தக் குவியலை இடப்பக்கத்தால அள்ளவேணும்."

"ஓம் பிள்ளை" என்றார்.

உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மேலாளர் பக்கத்தில் நிற்கும்போது, வாளி இல்லாமல், ஒரே சொல்லில். வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். நாலு அடி வைத்ததும் நின்றுவிட்டேன். இடப்பக்கத்தில்தான் மார்ஸெல் நிற்கிறார். இடப்பக்கத்தில்தான் மின்கம்பம். அங்கிள் வானத்தைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றவில்லை.

திரும்பி ஓடினேன். லோடர் உறுமிக்கொண்டிருந்தது.

"அங்கிள், லோடரை ஆத்துக்குள்ள விடுறீங்களோ?"

"ஓம்" என்றார்.

என் வாழ்க்கையில் நான் கேட்ட எந்தச் சொல்லும் என்னை அப்படிப் பயப்படுத்தியதில்லை. படியில் தாவி ஏறி, கதவைத் திறந்து, சாவியைத் திருகி இயந்திரத்தை நிறுத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். ஆனால் நான் யார் என்று தெரிந்து பார்க்கவில்லை. அந்தக் குளிரில் அவருடைய முகமெல்லாம் வியர்த்து வடிந்தது. 

"மார்ஸெல்" என்று கத்தினேன். மார்ஸெல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தார். அங்கிளை ஒருமுறை பார்த்துவிட்டு, "இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது. என் மனைவிக்கு வருகிறதுதான், எனக்குத் தெரியும்" என்றார். எல்லாருமாக அவரைத் தூக்கி இறக்கி வண்டிப் படியில் இருத்தினோம். மேலாளர் ஆம்புலன்ஸுக்கு ஃபோன் அடித்தார். மார்ஸெலின் குடும்பத்துக்கு மேப்பிள் தோப்பு உண்டு. பங்குனி மாதத்தில் அவருடைய பைக்குள் எப்போதும் பாகு டின் இருக்கும். ஒரு டின்னைத் திறந்து கோப்பிக் கோப்பைக்குள் ஊற்றினார்.

"இதைக் குடியுங்கோ அங்கிள்."

"ஓம்."

அவர் அடக்கமான பிள்ளைபோலக் குடித்தார்.  ஏலாது என்று சொல்லு மனிசா, தயவுசெய்து சொல்லு என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே அன்ரிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

அன்ரி நான் பாதி சொல்லும்போதே விளங்கிக்கொண்டார். "ஐயோ பிள்ளை, இண்டைக்கு ஒருசந்தி விரதம். காலமை ஒண்டும் வாயில வைக்கேல்லை, மத்தியானம் ஒருநேரச் சாப்பாடு எண்டு கட்டிக்கொண்டு போனவர். நான் சீனி வருத்தக் குளிசையை மேசையில எடுத்து வச்சனான், அதைப் போட்டிட்டார் போல" என்று அழுதார்.

வெறும் வயிற்றில் சீனியை இறக்கும் குளிசையைப் போட்டுக்கொண்டு, பொழுது திரும்பும்வரை தண்ணீருக்குள் வேலை. உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஏலாது என்று சொன்ன மனிதர், மனைவி எடுத்து வைத்த குளிசைக்கும் சொல்லவில்லை, ஒருசந்திக்கும் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

மார்ஸெல் இரண்டாவது கோப்பையை நீட்டினார். அங்கிள் அதை வாங்கி, உள்ளே பார்த்தார். முகர்ந்தார். மெல்லத் தலையை உயர்த்தி எங்கள் எல்லாரையும் பார்த்தார். கை தொப்பிக்குப் போனது. கழற்றினார். தலையைத் தடவினார்.

"ஏலாது" என்றார். "ஒருசந்தி."

மார்ஸெல் பாகு டின்னைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கி "எலாது, எலாது" என்று கூவினார். மற்றவர்களும் கூவினார்கள். வாசலில் நின்ற கிழவி பயந்து உள்ளே போய்விட்டாள். நான் அழுதேன். மழையில் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து தள்ளுகட்டிலை இறக்கினார்கள். ஏறிப் படுக்கச் சொன்னார்கள்.

"ஏலாது" என்றார்.

அந்த இரண்டு பேரும் அவரோடு வாதாடத் தொடங்கினார்கள். நான் அவர்களைக் கையால் மறித்தேன். திரும்பிப் பார்த்தால், மேலாளர் என் வண்டியிலிருந்து வாளியைக் கொண்டுவந்து தண்ணீர்க் கரையில் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்.  நான் அதன்மேல் இருந்தேன்.

"ஏன் ஏலாது, அங்கிள்?"

"ஏனெண்டால், ஆஸ்பத்திரிக்குப் போனால் இரவுதான் விடுவாங்கள். பின்னேரம் சிலுவைப்பாதை. ஃபாதருக்கு ஆர் சொல்லுறது? சொன்னாலும் ஆர் பாட்டு எடுக்கிறது? உன்ர அம்மாவுக்குக் குரல் இருக்கு, சுருதிதான் கொஞ்சம் ஏறிப்போகும். பரவாயில்லை, ஒரு நாளைக்கு எடுக்கட்டும். அதோட பூட்ஸ் எல்லாம் ஈரம், இதோட ஒருத்தற்ற படுக்கையில படுக்க ஏலாது, கழட்டவேணும். அன்ரிக்குச் சொல்லவேணும், சொன்னால் அழுவா, நீ மெல்லச் சொல்லு."

பூட்ஸைக் கழற்றியது மார்ஸெல். சொல்லிக்கொண்டே அவர் கட்டிலில் படுத்துவிட்டார். தான் படுத்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர்கள் தூக்கி உள்ளே ஏற்றும்போது தலையை மட்டும் உயர்த்திக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அந்த வடிகாலை அப்பிடித் திறக்க ஏலாது, கண்டியோ."

ஆம்புலன்ஸ்காரர் கதவைச் சாத்தப் போனார். நான் கதவில் கையை வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் ஏலாது, அங்கிள்?" என்று கேட்டேன். "ஆறுதலாச் சொல்லுங்கோ. நான் நிக்கிறன்."